காந்தம் வைத்துப் பார்த்தவர்

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் லைன் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியனுக்கு, தன் நெஞ்சுக்குள் யாரோ லைன் இழுத்துவிட்டது பெரிய கௌரவக் குறைச்சலாக இருந்தது. இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் பெட்டியை வைத்து மூன்று மாதம். மயங்கி விழுவது நின்றிருந்தது, மறுபடியும் ஏணி ஏற முடிந்தது. ஆனாலும் இரவல் கரண்டில் ஓடுகிறோம் என்ற நினைப்பு மனிதரை அரித்துக்கொண்டே இருந்தது. சந்தோஷம் வந்தால்கூட, இந்தத் துடிப்பு நம்முடையதா, பெட்டியுடையதா என்று சந்தேகம்.

ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கரைப் பரிசோதிக்கும் அறைக்குப் போய்ப் படுத்ததுமே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"மேடம், இதை எடுத்துடுங்க. எனக்கு இது தேவையில்ல. டெஸ்ட் பண்ணியாச்சு."

அவர் மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண்ணின் கை நின்றது. "யாரு டெஸ்ட் பண்ணாங்க?"

"நான்தான்."

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, பெட்டிப் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவர் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே! காந்தம் வைத்தால் பெட்டி ஆஃப் ஆகிவிடும் என்று தாமே முடிவு கட்டினார். மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால்தானே தெரியும், வேறு எங்கிருந்தாவது கரண்ட் வருகிறதா என்று? பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தார். பத்து நாள் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, அதை மார்பில் அழுத்திக்கொண்டு, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினார். தினமும் தொண்ணூறு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பெட்டி இல்லாமலே தன் இதயம் ஓடுகிறது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் நாற்காலியில் இருந்த மனைவி. "தண்ணி ஆறிப்போச்சேன்னு நான் வெளிய நின்னு கதவைத் தட்டுறேன், உள்ள இந்தக் கூத்தா நடந்துச்சு?"

டெக்னீஷியனுக்கும் கோபம்தான். குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "காந்தம் வெச்சா அது ஆஃப் ஆகாது சார். உங்க இதயம் சொல்றதைக் கேட்கறதை நிறுத்திட்டு, தன் பாட்டுக்கு ஒரே கணக்கா அடிக்கும். அந்தத் தொண்ணூறு பூரா பெட்டியோடது."

அவர் படுத்தபடியே தலையைத் தூக்கினார்.

"அப்ப என்னோடது எவ்வளவு?"

"காட்டுறேன். தலை சுத்தினா உடனே சொல்லணும்."

அவள் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டி, பெட்டியைக் கொஞ்சம் அடிக்காமல் பொறுத்திருக்க வைத்தாள். திரையில் சின்னச் சின்ன மேடுகள் ஒழுங்காக வந்தன. அவற்றின் பின்னால் எழும்ப வேண்டிய உயரமான கோடுகள் வரவில்லை. ஒரு மேடு, இன்னொரு மேடு, மறுபடி மேடு. அவருக்குக் கண் இருட்டியது. "மேடம்" என்று முடிப்பதற்குள் அவள் பழையபடி மாற்றிவிட்டாள். மனைவி ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு நிதானமானதும் அவருக்கு அழுகை முட்டியது. "ஒண்ணுமே இல்ல, இல்லையா? ரெண்டு வாரம் முன்னாடி பொண்ணுக்குக் குழந்தை பிறந்துச்சு மேடம். கையில வாங்கினப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அது நானா, பெட்டியான்னு தெரியணும்னுதான் மறுநாளே காந்தத்தைத் தேடினேன்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தச் சின்ன மேடெல்லாம் இதயத்தோட மேல் அறை. அது உங்களோடது, நல்லாத்தான் ஓடுது. அங்கிருந்து கீழ் அறைக்குப் போற வழிதான் கெட்டுப்போச்சு. மேல அடிச்சதைக் கேட்டுக் கீழ சொல்றது மட்டும்தான் பெட்டியோட வேலை. நீங்க வேகமா சொன்னா, அதுவும் வேகமா சொல்லும்."

"சப்ளை இருக்கு. நடுவுல ஒயர் கட்."

"அதேதான். இது ஒட்டுப்போட்ட ஒயர்."

அவர் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். 'என் இதயம்' என்று மார்தட்டிக்கொண்ட பத்து நாள் காலையிலும் ஓட்டியது பெட்டி. பெட்டி என்று சந்தேகப்பட்ட மற்ற நேரமெல்லாம் வேகத்தைச் சொல்லி ஓட்டியது அவரே. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப அன்னைக்குக் குழந்தையை வாங்கினப்ப..." என்று மனைவியிடம் ஆரம்பித்தவருக்கு முடிக்க வரவில்லை.

"கையும்தான் நடுங்குச்சு," என்றாள் அவள். "கைக்கு யாரு பெட்டி வெச்சாங்க?"