மூடியோடு நாற்பத்திரண்டு படங்கள்

நாற்பத்திரண்டு படங்கள் எடுத்தேன். நாற்பத்திரண்டிலும் ஒரே காட்சி: லென்ஸ் மூடியின் உட்புறம்.

இதைச் செய்தவன் நேற்றுக் கேமரா பிடித்தவன் என்றால் மன்னித்துவிடலாம். நான் பதினெட்டு வருஷமாகக் கேமராக் கடையில் விற்பனையில் நிற்பவன். "பின்னால இருக்கிற ஸ்கிரீனை அணைச்சு வெச்சுட்டு எடுங்க சார், அப்பத்தான் கண்ணு வேலை செய்யும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்பவன். அன்றைக்கு அந்த உபதேசத்தை நானே கேட்டுத் தொலைத்தேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் குணம் அப்படி. மற்றக் கேமராக்களில் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையேதான் நம் கண்ணும் பார்க்கும். மூடி இருந்தால் இருட்டு; சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். இதில் லென்ஸுக்குச் சம்பந்தமில்லாமல் மூலையில் தனியாக ஒரு ஜன்னல். அதன் வழியே நாடக மேடை பளிச்சென்று தெரிந்தது. இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி, மூச்சை அடக்கி, ஒவ்வொரு படத்தையும் ரசித்து எடுத்தேன். ஜன்னலுக்குள் ஒரு சிவப்பு அம்பு 'வெளிச்சம் போதாது' என்று விடாமல் மினுக்கியது. அரங்கம் இருட்டு, இயந்திரத்துக்கு என்ன தெரியும் பாவம் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

நான் அங்கே போனதே என் தங்கைக்காக. சின்ன வயதில் எங்கே போனாலும் என் பின்னாலேயே வந்ததால் அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஒன்பது வயதில் என் கேமராவைக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது என்னைவிட நன்றாக எடுக்கிறவளாகத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து நான் எடுத்த படங்களை அவளிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். "வெளிச்சம் நல்லா இருக்குண்ணா" என்பாள். வெளிச்சத்துக்குச் சொந்தக்காரன் நான் இல்லை. சூரியனுக்குப் போக வேண்டிய பாராட்டை இத்தனை வருஷமாக நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவள் முழுநேரப் புகைப்படக்காரி. ஒரு நாடகக் குழு அவளை ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தது. பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அவர்களுடைய எல்லா நாடகமும் அவளுக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஃப்ளாஷ் கூடாது, சத்தமும் கூடாது. அவளுடைய பழைய கேமராவோ, பொத்தானை அமுக்கினால் உள்ளே கண்ணாடி எகிறி விழுந்து, யாரோ பெட்டியை அறைந்து சாத்துகிற மாதிரி சத்தம் போடும். புதிதாக வாங்கியே ஆகவேண்டும். கையில் இருந்த சேமிப்போ ஒரு தடவை வாங்கத்தான் போதும். தப்பாக வாங்கினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

"ரேஞ்ச்ஃபைண்டரா, மிரர்லெஸ்ஸா? எதுண்ணா குடுக்கிற காசுக்குத் தகும்?" என்று கடைக்கே வந்து கேட்டாள். மிரர்லெஸ் என்றால் உள்ளே எகிறி விழும் அந்தக் கண்ணாடியே இல்லாத கேமரா.

"அது உன் தேவையைப் பொறுத்தது" என்றேன்.

"வாடிக்கையாளர்கிட்ட சொல்றதை என்கிட்ட சொல்லாத."

எனக்கு வேறு பதில் தெரியாது. ஆகவே முதலாளியின் காலைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வாடிக்கையாளர்களுக்குக் காட்டக் கடையில் வைத்திருக்கும் கேமராக்கள் இரண்டையும் வாங்கிவந்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றின் விலைக்கு நல்ல மிரர்லெஸ் ஒன்று, இரண்டு லென்ஸ், அதையெல்லாம் வைக்க ஒரு பை எல்லாம் வாங்கிவிடலாம். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரைக் கையில் எடுத்தால் ஒரு கனம் வரும், பாருங்கள், நம் கைக்கே மரியாதை கூடின மாதிரி. அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டுத்தான் அதை நான் மாட்டிக்கொண்டேன். திட்டம் இதுதான்: அவள் இடப்பக்கத்திலிருந்து மிரர்லெஸ்ஸில், நான் கடைசி வரிசையிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டரில், ஒரே காட்சியை எடுப்பது. பிறகு ஒப்பிடுவது.

ஒத்திகை தொடங்கியது. இயக்குநர் ஓர் அம்மா. கொண்டையில் பென்சில், மடியில் தடித்த நோட்டு. தும்மினாலே திரும்பிப் பார்ப்பவர்.

வாலு கேமராவைச் சத்தமில்லாத முறையில் வைத்து எடுத்தாள். மூன்றாவது படத்திலேயே புருவம் சுருங்கியதை நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். மேடையில் எல்லாமே எல்ஈடி விளக்கு. அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சத்தமில்லாமல் எடுக்கும்போது கேமரா காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். துடிப்பும் வரியும் சேர்ந்தால் படமெங்கும் கறுப்புப் பட்டை. கதாநாயகி வரிக்குதிரையாகி நின்றாள்.

சாதாரண ஷட்டருக்கு மாற்றி ஒரு படம் எடுத்தாள். டக்.

இயக்குநரின் கை உயர்ந்தது. மேடையில் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"யாரு அது? இன்னொரு தடவை கேட்டா கேமரா மட்டும் இல்லம்மா, ஆளும் வெளிய."

நான் முன் நாற்காலிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அந்தக் கேமராவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவன் நான்தானே. அவள் கொஞ்சம்கூட அசரவில்லை. மறுபடி சத்தமில்லாத முறைக்குப் போய், வேகத்தை ஐம்பதில் ஒரு நொடியாகக் குறைத்தாள். விளக்கின் துடிப்போடு அது ஒத்துப்போனதும் பட்டைகள் மறைந்தன. ஆனால் அந்த வேகத்தில் யாராவது அசைந்தால் படம் கலங்கிவிடும். ஆகவே அவள் காத்திருந்தாள். நடிகர்கள் பேசி, நடந்து, திரும்பி, ஒரு கணம் நிற்பார்கள் இல்லையா, அந்தக் கணத்துக்காக. அவள் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் மூடியின் உட்புறத்தை முப்பத்தொன்பதாவது முறையாகப் படமெடுத்தேன்.

சற்று நேரத்தில் குனிந்தபடியே என்னிடம் வந்தாள்.

"அடுத்தது ஓடுற சீனாம். இந்த வேகத்துல வராது. உன்னுதைக் குடு."

"இதுவும் லேசா சத்தம் போடுமே? கடைசி வரிசையானதால தப்பிச்சேன்."

"பலகை மேல ஓடப்போறாங்க. காலடிச் சத்தத்துல அமுங்கிடும்."

என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினாள். லென்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடியை மெதுவாகக் கழற்றி, என் சட்டைப் பையில் போட்டு, பையை இரண்டு தட்டுத் தட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. மிரர்லெஸ்ஸை என் கழுத்தில் மாட்டிவிட்டு, காதருகே சொன்னாள்: "எதையும் தொடாத. சும்மா நில்லு."

அவள் பின்னாலேயே போய், முதல் வரிசையின் இடக்கோடியில், அவள் முகம் தெரிகிற மாதிரி சும்மா நின்றேன். கதாநாயகி மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக் கதவுக்கு ஓடினாள். வாலு முதல் வரிசைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். கேமராவின் மூலை ஜன்னலில் வலது கண். முகத்தைக் கேமரா முழுக்க மறைக்காததால் இடது கண் திறந்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலடி விழும்போதும் அவள் விரல் அசைந்தது. ஓடுகிறவளின் தாளம் அவள் விரலுக்கு எப்படித் தெரிந்தது? இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குக் கேமரா விற்றிருப்பேன், ஆனால் ஒருவர் வேலை செய்வதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. இவள் என் தங்கை என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லலாமா என்றிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

பொத்தானைத் தொட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை. சத்தமே வரவில்லை.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநரின் அறையில் மடிக்கணினியைத் திறந்தோம். வாலு தன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். என்னுடைய நாற்பத்திரண்டைக் காட்டவில்லை. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஒரு படத்தில் இயக்குநர் "நில்லுங்க" என்றார். சண்டை முடிந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் வயதான நடிகர், கையில் ஒற்றைச் செருப்பு.

இதுதான் சமயம் என்று நான் புகுந்தேன். "பாருங்க மேடம், பின்னணி எப்படி வெண்ணெயா கரையுதுன்னு. இது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோட கைவண்ணம். ஆயிரம் படத்துக்கு நடுவுல வெச்சாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்."

"அது மிரர்லெஸ்" என்றாள் வாலு.

"லென்ஸு?"

"உங்க கடையில பெட்டி மேல பெட்டியா அடுக்கி, அது மேல டீ கப்பை வெப்பீங்களே, அந்த லென்ஸ்."

இயக்குநர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். "நான் கேமராவைப் பத்திக் கேக்கவே இல்லையே. இவரோட முப்பது வருஷமா வேலை செய்றேன். செருப்பை இப்படியா பிடிக்கிறார்? இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." அடுத்து ஓட்டக் காட்சி வந்தது. கதவை எட்டப்போகும் கை, காற்றில் ஒரு கால், கூர்மையான முகம். "இது சுவரொட்டிக்கு. வருஷம் பூரா நீங்கதாம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரு?"

"அசிஸ்டென்ட்" என்றேன். என் வாழ்க்கையில் எந்தப் பதவியையும் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில்லை.

"மூடிக்குப் பொறுப்பு" என்றாள் வாலு.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். வருஷம் முழுக்க வேலை கிடைத்துவிட்டது, ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. செருப்புப் படம் மிரர்லெஸ்ஸில், ஓட்டப் படம் ரேஞ்ச்ஃபைண்டரில். ஒப்பிடவந்த இடத்தில் இரண்டும் ஜெயித்துத் தொலைத்தன. நானும் என் பழைய பாட்டை ஆரம்பித்தேன்.

"ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுன்னா, பத்து வருஷம் கழிச்சு வித்தாலும் போட்ட காசு வந்துடும். மிரர்லெஸ், பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே இறங்கிடும்."

"நான் விக்கிறதுக்கு வாங்கலண்ணா."

"ஆனா மிரர்லெஸ்ல அந்த வரிக்குதிரை..."

"அதான் வேகத்தைக் குறைச்சாப் போச்சே."

"ஓடுற சீன்?"

"காலடிச் சத்தத்துல சாதாரண ஷட்டரே அமுங்கியிருக்கும். பேச்சு நடக்கிறப்பப் போய் அமுக்கினது என் தப்பு."

"அப்ப எதைத்தான் வாங்கப்போற? நேராச் சொல்லேன்."

"அது தேவையைப் பொறுத்தது" என்றாள், என் குரலிலேயே, என் தலையாட்டலோடு. பக்கத்தில் பேருந்துக்கு நின்ற ஒருவர் சிரித்துவிட்டார்.

கடைக்குத் திருப்பிக் கொடுக்குமுன் மெமரி கார்டைச் சரிபார்க்க என்னிடமிருந்து மிரர்லெஸ்ஸை வாங்கி, கடைசியாக எடுத்ததிலிருந்து பின்னோக்கிப் படங்களைத் தள்ளினாள். முதல் படத்திலேயே விரல் நின்றுவிட்டது. முழங்காலிட்டிருக்கும் அவள். பாதி முகத்தைக் கேமரா மறைத்திருக்க, திறந்த இடது கண் மட்டும் மயிரிழை பிசகாமல் கூர்மையாக இருந்தது.

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"கண்ணுல எப்படி ஃபோகஸ் பண்ண?"

"நான் எங்க பண்ணேன்? அதுவே தேடிப் பிடிச்சுக்கிச்சு. நான் அமுக்கினதோட சரி."

அவள் நிமிரவில்லை. பேருந்து வந்தது, போனது. இருவரும் எழவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். நான் வழக்கம்போல் வெளிச்சத்துக்கான பாராட்டை வாங்கத் தயாரானேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"மிரர்லெஸ்ஸையே வாங்கிக்கிறேன்" என்றாள். "உன் கையிலயே கண்ணைப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல என்ன சோதனை பண்ணணும்?"

"நான் கேட்டது படத்தை."

இப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நல்ல படம்ணா. நீ எடுத்ததுலயே இதான் நல்ல படம். வெளிச்சம் சுமார்தான்."