சண்டைக்கு வேண்டிய மூச்சு

"இந்த மூச்சிரைப்பு வந்த பிறகு எதைச் செய்ய முடியலைன்னு உங்களுக்கு ரொம்ப வருத்தம்?" என்று ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் சித்ராதேவி ஒருமுறை மருதாளைக் கேட்டாள்.

மற்ற நோயாளிகள் படியேறுவதை, மல்லாந்து தூங்குவதைச் சொல்லியிருந்தார்கள். மருதாள் கூச்சத்தோடு, "சண்டை போட முடியலீங்க," என்றாள்.

சித்ராதேவி சிரித்துவிட்டாள். மருதாள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொங்கலூர்ப் பக்கத்து நூல் மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டுப்போகும் முன், மண்ணரையில் ஒரே குழாயை நம்பியிருந்த லைன் வீடுகளில் தண்ணீர் வரும் நாளெல்லாம் அவளுக்கும் எதிர்வீட்டு ஒச்சம்மாளுக்கும் குழாயடியில் சண்டைதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒச்சம்மாளுக்கு ஈடுகொடுக்க அந்த லைனில் வேறு ஆள் கிடையாது. இப்போதோ முதல் பேச்சு முடிவதற்குள் மருதாளுக்கு இழுப்பு வந்துவிடும். ஒச்சம்மாள் எதிர்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். பாவம், சீக்காளி என்று மருதாளின் குடத்தை முதலில் வைத்து நிரப்பி, வாசல்வரை கொண்டுவந்தும் கொடுத்தாள். லைனே அவளைப் புகழ்ந்தது. மருதாளுக்குத்தான் தன்னை ஆள் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டதுபோல் இருந்தது.

சித்ராதேவி வழி சொன்னாள். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். அந்த மூச்சு தாங்குகிற அளவுக்கு மட்டும் பேச வேண்டும். வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மருதாள் கேஸ் சிலிண்டரைத் திட்டிப் பழகினாள்.

அடுத்த தடவை தண்ணீர் வந்தபோதும் ஒச்சம்மாள் அவள் குடத்தை முதலில் வைத்தாள். மருதாள் அதை எடுத்துத் தன் முறைப்படி கடைசியில் வைத்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"என்ற கொடத்துக்கு..." ஊதினாள். "முன்னால எடங் கொடுக்கறீங்க. செரி." மறுபடி ஊதினாள். "அதுக்குப் பொறத்தாலயே ஒட்டிக்கிட்டு... உங்க ரெண்டு கொடம் எப்படீங்க வந்துச்சு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான், மருதாளின் குடத்தைச் சாக்கிட்டு ஒச்சம்மாளின் குடங்களும் வரிசையைத் தாண்டி முன்னால் வந்திருந்தன. சீக்காளிக்குச் செய்கிற உதவியாச்சே என்று இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை.

"ஏத்தா, மூச்சுக்கே வழியில்ல, வாயப் பாரு," என்றாள் ஒச்சம்மாள். "சண்டையிலயும் 'ங்க' போடுற ஆளு நீ ஒருத்திதாண்டி."

மருதாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. எத்தனை நாள் கழித்து ஒருத்தி அவளை வைகிறாள்! அவள் மூச்சுக்கு நிறுத்தும்போதெல்லாம் குழாயடியே காத்திருந்தது. முன்பு இருவரும் சேர்ந்து கத்தியதில் யார் சொன்னதும் யார் காதிலும் விழுந்ததில்லை.

"பாவம்னு சொன்னது..." உதடு குவிந்தது. "என்னயவா, உங்க கொடத்தயாங்க?"

பக்கத்து வீட்டு அபிராமி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். மருதாள் ஆசையாக அடுத்த பேச்சுக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஆனால் ஒச்சம்மாள் தன் இரண்டு குடங்களையும் தூக்கி, மருதாளின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள். சேர்த்த மூச்சை மருதாள் வீணாக ஊதிவிட வேண்டியதாயிற்று.