குப்பை லாரியை விரட்டிய கல்

என் கல் ஒன்றைக் கண்டு மிரண்ட குப்பை லாரி, திரும்பக்கூட நேரமில்லாமல் பின்பக்கமாகவே மைன்ஸ் நகரம் வரை ஓடியது. எங்கள் இடார் ஊர்ச் சாராயக்கடையில் இதைக் கேட்டு எல்லோரும் கைதட்டுவார்கள். மச்சான் கூனோ மட்டும் தலையில் அடித்துக்கொள்வான்.

அன்று காலை எனக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. ஓடையிலும் உழுத வயலிலும் ஆயுசுக்கும் நான் பொறுக்கிய, அறுத்தால் உள்ளே வளையம் காட்டும் அகேட் கற்கள், நிலவறை நிறைந்து படியேறிக் குளியல் தொட்டிக்குள் குடியேறியிருந்தன. என் மனைவி இர்ம்கார்ட் பொறுமையிழந்தாள்.

"மத்தியானம் லாரி வருது. அதுக்குள்ள அறுக்கத் தகுந்த கல்லு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, எல்லாமே இருக்கட்டும். இல்லன்னா எல்லாமே போகட்டும்."

தீர்ப்புச் சொல்ல அவள் அண்ணன் கூனோ, பட்டறையில் கல் அறுத்து ஓய்ந்தவன், ரம்பத்தோடு முற்றத்தில் உட்கார்ந்தான்.

ஒரு கல்லை நக்கி நீட்டினேன். ஈரத்தில் சிவப்பு துள்ளியது.

"நாக்கை உள்ள இழு மச்சான். நனைஞ்சா செங்கல்லுகூட மாணிக்கம்தான். காயட்டும்."

காய்ந்தது. கல் வெளுத்த பிறகும் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் கறுத்து நின்றது. தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் விரிசல். ரம்பம் பட்டால் நொறுங்கும்.

மற்ற கற்களையும் வாளி வாளியாகக் கொட்டி நனைத்தேன். நான் மழையில் பொறுக்கிய மகாராஜாக்கள் அத்தனை பேரும் வெயிலில் பல்லிளித்தார்கள்.

"இது?"

"விரிசல்."

"இதாவது?"

"இது எப்பவோ உடைஞ்சிருச்சு. உன் மரியாதைக்காக ஒட்டிக்கிட்டு இருக்கு."

சந்தில் ஹாரன் அலறியது. நிலவறைக்கு ஓடினேன். மிஞ்சியது ஒன்றுதான்: துணி துவைக்கும் மெஷினின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த உருளைக்கிழங்கு மூஞ்சிக்கல். அதை நான் நக்கியதுகூட இல்லை. பிடுங்கி வந்து நனைத்தேன்.

ஓட்டுநர் இறங்கி வந்து முதல் கல் வாளியைத் தூக்கினார்.

"ஐயோ, கொஞ்சம் பொறுங்க!"

கல் காய்ந்தது. கோடே இல்லை.

கூனோ ரம்பத்தை ஓட்டினான். கல் இரண்டாகப் பிரிந்தது. நீல வளையத்துக்குள் வளையம். நடுவில் குகை நிறையப் பளிங்கு. வெயில் அதில் பட்டுத் தெறித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசவைத்தது.

இர்ம்கார்ட் அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் வேணாம், கிளம்புங்க."

எங்கள் சந்தில் லாரி திரும்ப ஏது இடம்?

நேற்றும் இதைச் சொன்னேன். மேசை முழுக்கக் கூனோவைத் திரும்பிப் பார்த்தது. அவன் மீசையில் ஒட்டிய பீர் நுரையைத் துடைத்தான்.

"மைன்ஸ் வரைக்குமான்னு நான் போய்ப் பாக்கல. ஆனா... பின்னாலயேதான்யா போச்சு. என் கண்ணால பாத்தேன்."