சாமியறைக்கு மேலே

யோகாவுக்கு ஒரு குறை வேண்டியிருந்தது. பெரிதாக எதுவும் வேண்டாம். டூங்கபியிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது காரில் வைத்துப் புருசன் அருந்தவனிடம் சொல்லி, இரண்டு நாள் நிம்மதியாக நித்திரை கொள்ளப் போதுமான ஒரு குறை.

சிநேகிதி மிருணாளினியின் புது வீடு கெலிவில்லில் இருந்தது. புதுமனைக் குடிபூரலுக்கு வந்த சனமெல்லாம் வாசலிலேயே அண்ணாந்து நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? நான்கு தூண். கேற்றடியில் பொன்னிறம் பூசிய இரண்டு சிங்கம். முன்னால் ஒரு நீரூற்று, அதன் நடுவில் உடுப்பில்லாத வெள்ளைக்காரச் சிறகுப் பிள்ளை ஒன்று. ஐயர் வருகிறார் என்று யாரோ அதற்கு ஒரு சால்வையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு மேல்மாடிக்கு ஒரு லிஃப்ட். இரண்டு குசினி, ஒன்று சமைக்க, மற்றது பார்க்க. யோகாவின் கண்ணுக்கு எல்லாம் அலங்கோலம்தான். ஆனால் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் நின்ற அருந்தவன், "நல்ல வடிவான வீடு, என்ன?" என்றான். இவனைக் கூட்டிக்கொண்டு வந்ததே பிழை.

மிருணாளினியின் கணவன் வரதராஜா வீட்டைச் சுற்றிக் காட்டினான். மேல்மாடிக் குளியலறையில் மட்டும் பத்து நிமிடம். பொன்னிறக் குழாய்கள். கிட்டப் போனதும் தானாகவே மூடி திறக்கும் ரொய்லெற். "இருந்தால் சீற் சூடாயிருக்கும். எழும்பினவுடன தண்ணி தன்ர பாட்டில போகும். கை படத் தேவையில்லை," என்றான், பிள்ளையின் பரீட்சை முடிவைச் சொல்வதுபோல. "வீட்டில மொத்தம் ஏழு."

யோகாவுக்கு வயிறு எரிந்தது. ஏழு! அவள் வீட்டில் இருப்பது ஒன்று. அந்த ஒற்றை ரொய்லெற் வீட்டில்தான் இதே மிருணாளினியும் வரதராஜாவும், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எட்டு மாதம் இருந்தார்கள். அப்போது வீடுள்ளவள் யோகா. "இப்பிடி ஒரு வீடு எனக்கு எப்ப வருமடி?" என்று மிருணாளினி கேட்டபோது, "வரும், வரும்" என்று தட்டிக்கொடுத்தவளும் அவள்தான். அந்தத் தாராள மனம் இன்றைக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பத்து நாற்பதுக்குச் சுபநேரம். கிட்டிய சிநேகிதி என்று, நிறைகுடம் வைக்கும் வேலையை யோகாவிடம் கொடுத்திருந்தார்கள். கீழே சாமியறையில், கறுப்பு மார்பிள் பிள்ளையாருக்கு முன்னால் தனியே இருந்து மாவிலையைச் சொருகிக்கொண்டிருந்தபோது சுவருக்குள் சத்தம் கேட்டது. மேலிருந்து கடகடவென்று இறங்கி, பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் ஓடி, நிலத்துக்குள் போய் அடங்கியது.

யோகா மாவிலையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். சந்தேகமே இல்லை. நேர் மேலே அந்தப் பொற்குழாய்க் குளியலறைதான். யாரோ ஒரு விருந்தாளி அப்போதுதான் சேலைக் கொய்யகத்தைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். கீழே இறங்கும்போது யோகாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

காருக்கென்று வைத்திருக்கத்தான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை. பின்குசினியில் மிருணாளினி தனியே நின்றாள்.

"மிருணா, குறை நினையாதை. உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன். உன்ர சாமியறைக்கு நேர மேல கக்கூசடி. பிள்ளையாற்ற முதுகால தண்ணி போகுது."

மிருணாளினி கையிலிருந்த பால்செம்பை மெதுவாக வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. "தெரியும். சுவர் எழும்பினாப் பிறகுதான் கண்டனான். இவருக்குச் சொல்லேல்லை. மனுசன் இந்த வீட்டுக்காகப் பத்து வருசம் ரெண்டு வேலை செய்தது." செம்பின் விளிம்பைத் துடைத்தபடி, "உன்ர வீட்டிலயும் அப்பிடித்தானேடி," என்றாள். குத்திக் காட்டும் குரல் இல்லை. துணை தேடும் குரல்.

"என்ர வீட்டிலயோ?"

"உன்ர சாமி அலுமாரிக்குப் பின்னால என்ன? ரொய்லெற் சுவர்தானே. நீ காலமை தேவாரம் பாடேக்க நான் சிலநேரம் உள்ளுக்கு இருப்பன். ஃபிளஷ் அடிச்சால் உனக்குக் கேக்கும், மனம் நொந்துபோவாய் எண்டு, நீ முடிக்குமட்டும் அப்பிடியே இருப்பன். நீயும் லேசில முடிக்கமாட்டாய்." மிருணாளினி சிரிக்கப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் சொல்லேல்லை. இண்டைக்கு வாய் தவறிட்டுது. குறை நினையாதை."

தூணையும் சிங்கத்தையும் கடன்பட்டாவது வாங்கலாம். இந்த மனதை எந்தக் கடையில் போய் வாங்குவது? காலையிலிருந்து எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று அப்போது தெரிந்தது. வெட்கமும் சேர்ந்து வந்தது.

ஐயர் மணியைக் கிலுக்கினார். சனம் சாமியறைப் பக்கம் நெருக்கியது. யோகா மட்டும் மாடிக்கு ஏறி, அந்தக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். பூசை முடியுமட்டும் இதற்குள் ஒருத்தரும் வரக்கூடாது.

ரொய்லெற் மரியாதையாக மூடியைத் திறந்தது. முழங்கால் நோவோடு எவ்வளவு நேரம் நிற்பது? அதிலேயே இருந்தாள். இருந்த பிறகுதான் வரதராஜா சொன்னது ஞாபகம் வந்தது. எழும்பினால் தண்ணீர் போகும்.

கீழே தேவாரம் தொடங்கியது. பழக்கத்தில் தானும் பாட வாயெடுத்தவள், இருக்கிற இடத்தை நினைத்து மூடிக்கொண்டாள். சீற் இதமான சூடாயிருந்தது. டூங்கபியில், இந்த நாட்டின் குளிர்காலமான யூலையில், மிருணாளினி இருந்தது வெறும் பிளாஸ்டிக்கில்.

யாரோ கதவைத் தட்டினார்கள். அருந்தவன்தான்.

"யோகா, இதுக்குள்ளயோ நிக்கிறாய்? பூசை தொடங்கிட்டுது. மிருணாளினி உன்னைத் தேடுறா."

"வயித்துக்குச் சரியில்லை. நான் வர நேரமாகும். நீங்கள் போங்கோ."

"சரி, சரி. ஆறுதலா வா." போகாமல் ஒரு கணம் நின்றான். "நல்ல வசதியான ரொய்லெற், என்ன?"

யோகா பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள்.