பால் காய்ச்சக் கேட்ட சாவி

நீள சோபாவில் வீடு வாங்க வந்த ஷர்வினும் அவன் மனைவி சுபாஷினியும். எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டு ஏஜெண்ட் டெரன்ஸ். மாதா படத்தை ஒட்டிய சாய்வு நாற்காலியில், முக்காலி மேல் கால் நீட்டியபடி பேட்ரிக். அவர் மனைவி எவ்லின் மட்டும் சமையலறை வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அங்கிருந்துதான் எல்லார் முகமும் தெரியும்.

டெரன்ஸ், பேட்ரிக்கின் அண்ணன் மகன். ஜெலுத்தோங்கில் இருந்த இந்த நாலாம் மாடி வீட்டைக் கமிஷனுக்கு விற்றுத் தருவதாக அவன்தான் பொறுப்பேற்றிருந்தான். பேட்ரிக்கின் முழங்கால் இனிப் படி ஏறாது. பட்டர்வொர்த்தில் ஒரு தரைவீட்டுக்கு முன்பணமும் கட்டியாயிற்று. இது விற்றால்தான் அது கைக்கு வரும். இழுத்துக்கொண்டே போனால் முன்பணமும் போய், மனுஷன் இந்த நாலு சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

டெரன்ஸ் ஒரு கடிதத்தை மேசையில் விரித்தான். மேலே பேங்கின் பெயர். கீழே தடித்த எழுத்தில், கடனுக்கு ஒப்புதல் என்று ஒரு வரி. ஆடி பிறந்துவிட்டால் இவர்கள் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் இந்த வெள்ளிக்கிழமையே சாவியைக் கொடுத்துவிட்டால் குடிவந்துவிடுவார்கள், பணம் பின்னாலேயே வந்து சேரும் என்றான். கெலுகோரிலிருந்து வந்து வீட்டைப் பார்த்த ஷாஹிரா டீச்சரிடம் இல்லையென்று சொல்லிவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

பேட்ரிக் தலையாட்டிவிட்டார். அண்ணன் பிள்ளை சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை.

எவ்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை அடியிலிருந்து மேலே படித்தாள். பொடி எழுத்தில் இருந்தது விஷயம். விண்ணப்பித்தவர் சொன்னதை வைத்துத் தந்த முதற்கட்ட ஒப்புதல்தானாம் இது. சம்பளச் சீட்டையும் வீட்டின் மதிப்பையும் பார்த்த பிறகே கடன் உண்டா இல்லையா என்று முடிவாகுமாம். அவள் படித்து முடிக்கும்வரை, கடிதத்தைத் திரும்ப வாங்க டெரன்ஸின் கை நீண்டபடியே இருந்தது.

“வீட்டைப் பாக்க பேங்க்லேருந்து யாரும் வரலியே?”

“அதெல்லாம் ஃபார்மாலிட்டி லா சித்தி.”

அவள் ஷர்வின் பக்கம் திரும்பினாள். “சம்பளச் சீட்டு குடுத்தியா தம்பி?”

“கேக்கலியே ஆன்ட்டி. டெரன்ஸ் அண்ணன்தான் போன்லயே எல்லாம் அடிச்சாரு. ஓவர்டைமும் சேத்துப் போட்டாரு. இப்ப ஃபேக்டரில ஓவர்டைம் இல்ல.”

சுபாஷினி கணவனைப் பார்த்தாள். கடன் கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் அவள் அம்மா இவர்கள் சாமான்களைக்கூடக் கட்டி வைத்திருந்தாளாம். அதுவரை இந்த ஜோடியின் மேல் இருந்த சந்தேகம் எவ்லினுக்கு அங்கேயே இடம் மாறியது.

“அடுப்புல பால் பொங்கினப்புறம், வெளிய போம்மான்னு உன்னை நான் எப்படிச் சொல்றது? கோர்ட்டுக்குத்தான் போகணும்.”

டெரன்ஸ் சிரிக்கப் பார்த்தான். “சித்தி போலீஸ்ல சேந்திருக்கலாம்.”

“சேந்திருந்தா மொதல்ல உன் போனைத்தான் வாங்கிப் பாத்திருப்பேன்.”

பேட்ரிக் முக்காலியிலிருந்து காலை இறக்கினார். இப்போதே பேங்குக்குப் போன் போடச் சொன்னார். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்க மாட்டார்கள் என்றான் டெரன்ஸ். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. பேட்ரிக் அதை ஒருமுறை பார்த்தார், பிறகு அவனை.

எவ்லின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டு விற்பனையைப் பார்க்கும் வக்கீலுக்கு எழுதினாள். பேங்கின் முடிவான கடன் கடிதம், ஷர்வின் கையெழுத்தோடு தங்கள் கைக்கு வரும்வரை சாவி என்னிடமே இருக்கும். அதுவரை வேறு யாருக்கும் இல்லையென்று சொல்வதாக இல்லை. ஷாஹிரா டீச்சரிடம் நானே பேசிக்கொள்கிறேன். எழுதியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள்.

“ஆவணில நாள் பாத்துக்கறோம் ஆன்ட்டி,” என்றாள் சுபாஷினி.

டெரன்ஸ் எழுந்தான். “குடுங்க சித்தி, வக்கீல் ஆபீஸ் நான் போற வழிதான்.”

“தபால்லயே போகட்டும்.”

உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். குடையை எடுத்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கி, தபாலாபீஸ் கவுண்டரில் பதிவுத் தபாலாகக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்திக் கூடையில் போடும்வரை நகரவில்லை.