லூசியம்மாளின் தட்டு

ஆறு புனிதைகளுக்கு மேக்கப் முடிந்துவிட்டது. ஏழாவது ஆள்தான் நாற்காலியில் ஒரு நிமிஷம் அடங்கி உட்காரவில்லை.

"தலைய ஆட்டாத அமலா. மை கன்னத்துக்குப் போவுது" என்று அதட்டினாள் நீலாவதி.

செஞ்சிக் கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள் அவள். திருவிழாவுக்கு சர்ச் பெண்கள் நாடகம் போடுகிறார்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். திருச்சபையின் ஏழு பெண் புனிதர்கள், ஆளுக்கு ஒரு கதை. சாமியார் கொடுத்த படங்களைப் பார்த்துத்தான் வேஷம். வாளேந்திய ஜோன் அம்மாளுக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ராஜா தேசிங்கு வேஷத்துக்கு மாட்டிய கவசம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. லூசியம்மாளாக வந்த அனுவின் கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு வெள்ளை உருண்டைகள்.

"இன்னா அனு, பந்தா?"

"கண்ணுக்கா! விசுவாசத்துக்காக கண்ணையே குடுத்தவங்க லூசியம்மா. நீங்க சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன், பேசாம இருங்க."

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு சியன்னா ஊர் கத்தரீனம்மாள் வேஷம். வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்கியபோது தன் கூந்தலைத் தானே வெட்டிப் போட்டவள். பிறகு கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தவள். இந்த வேஷத்தை அடம்பிடித்து வாங்கித் தந்ததே அமலாவின் அம்மா ராஜம்மாள்தான். முதல் காட்சியில் முடியை விரித்துப் போட்டு நிற்கலாமே! இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அதைப் பார்த்துத்தான் அவலூர்பேட்டை சம்பந்தி அம்மா கல்யாணத்துக்குச் சரி சொன்னாள். இப்போது அவர்கள் குடும்பமே முன் வரிசையில் இருந்தது. அமலாவின் காட்சிகள் முடிந்ததும் பக்கத்து அறையில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

"மாப்ள புடிக்கலையாடி?" என்று மெதுவாகக் கேட்டாள் நீலாவதி.

"மாப்ளய விடுங்கக்கா. திங்கக்கிழமை நான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில நர்ஸா ஜாயின் பண்ணணும். ஆர்டர் வந்துட்டுது. எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போவாதுன்னு மாப்ளயோட அம்மா சொல்லுது. எங்கம்மா அதுக்கும் தலையாட்டுது. நான் படிச்சது இன்னாத்துக்கு?"

"உங்க நைனா?"

"அவரு என்னைக்கு வாயத் தொறந்தாரு?"

முதல் காட்சி நன்றாகவே போனது. முடி விரிந்ததும் முன் வரிசையில் 'ஆஹா' கேட்டது. அடுத்த காட்சிக்குச் சொந்த முடியைக் கொண்டையாகச் சுருட்டி முக்காட்டுக்குள் மறைத்து, சவுரிப் பின்னலைத் தொங்கவிட வேண்டும். அட்டைக் கத்தரியால் வெட்டுவதுபோல் வெட்டிச் சுண்டி இழுத்தால் சவுரி கையோடு வந்துவிடும்.

"சவுரிய நானே வச்சிக்கறேன்க்கா. நீங்க ஜோனைப் பாருங்க, கவசம் அவுந்துடுச்சாம்" என்றாள் அமலா.

நீலாவதி கவசத்தைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது அமலா மேடையில் இருந்தாள். சவுரி பையிலேயே இருந்தது. அட்டைக் கத்தரி கீழே கிடந்தது. பார்லர் பெட்டி திறந்திருந்தது.

நீலாவதி ஓடிப்போய்க் குனிந்தாள். பெட்டியைத் துழாவினாள். பெரிய கத்தரி இருந்தது. பல் கத்தரியைத்தான் காணோம். ஒரு பக்கம் சீப்பு மாதிரிப் பல் வைத்தது. அடர்ந்த முடியைக் குறைக்க மட்டும் உதவும். எத்தனை முறை வெட்டினாலும் பாதி முடி நின்றுகொண்டேயிருக்கும். அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் பைத்தியக்காரி!

மேடையில் அமலா சொந்தப் பின்னலைப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள். முடி பிசிறு பிசிறாகக் கொட்டியதே தவிரப் பின்னல் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "கத்தரிக்குச் சாணை புடிக்கணும்டா!" என்று குரல் கொடுக்க, சிரிப்பு பரவியது. அமலா வெட்டுவதை நிறுத்தினாள். திரும்பி, மேடையோரம் வந்து நின்ற நீலாவதியைப் பார்த்தாள்.

பெரிய கத்தரி நீலாவதியின் கையில் இருந்தது. திரையை இழுக்கச் சொன்னால் போதும். பாதி வெட்டுப்பட்ட பின்னலை மறைத்துவிடலாம், தட்டு மாறிவிடும், அமலாவின் திங்கட்கிழமை வேலையும் போய்விடும். கத்தரியைக் கொடுத்தாலோ? ஊரில் ராஜம்மாளின் வாய்க்குத் தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு. தன் கடைக்கு நாளை ஒரு பெண் வர மாட்டாள்.

அமலா இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அனு, உன் தட்ட நீட்டு."

"எதுக்குக்கா? என் சீன் இன்னும் வரல!"

"வந்துட்டுது. போ!"

தட்டிலிருந்த இரண்டு கண்களுக்கு நடுவே கத்தரியை வைத்துத் தள்ளிவிட்டாள். லூசியம்மாள் திருதிருவென்று விழித்தபடி மேடையேறித் தட்டை நீட்டினாள். கத்தரீனம்மாள் எடுத்தாள். 'கறுக்'கென்ற சத்தம் மைக்கில் கேட்டது. பின்னல் கையோடு வந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சம்பந்தி அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "சவுரின்னு சொன்னாதான் தெரியுது!" என்று வியந்தபடி குடும்பத்தோடு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

ராஜம்மாள் மட்டும் கைதட்டவில்லை. மேடைக்குப் பின்னால் பாய்ந்து வந்து பின்னலைப் பிடுங்கி முகர்ந்தாள். காலையில் தன் கையால் தேய்த்த எண்ணெயின் வாசனை.

"அடிப் பாவி!"

ஓங்கிய கை பாதியில் நின்றது. பையில் கிடந்த சவுரியைப் பார்த்துவிட்டாள்.

"நீலா, இத வச்சிக் கட்டு. பூ வச்சா தெரியாது. தட்டு மாத்தி முடியட்டும், மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

முடியும்தான். இரண்டு கிளிப் போதும். நீலாவதி சவுரியைத் தொடவில்லை.

"ராஜம்மாக்கா, அவளக் கேளுங்க."

அம்மா கேட்கும்வரை அமலா காத்திருக்கவில்லை. பின்னலை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, முடி வெட்டிய தலையோடு விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போனாள். வெற்றிலை, பழம், புடவை வைத்த தட்டு தயாராக இருந்தது. பின்னலை அதன்மேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் புடிச்சது இதுதானே? எடுத்துக்குங்க. நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

சம்பந்தி அம்மா பின்னலையும் அவள் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "வண்டிய எடுக்கச் சொல்லு."

மூலையில் இருந்த அமலாவின் அப்பா தனகோட்டி எழுந்து, வழக்கம்போல் வாய் திறக்காமல், அவர்கள் போக நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்.

பின்பக்கம் திரும்பி வந்ததும் அமலா குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி நடந்தாள்.

"உக்காருடி. பின்னாடி எலி கடிச்ச மாதிரி இருக்குது. சரி பண்ணணும்."

நீலாவதி கத்தரியை எடுத்தாள். வாசலில் ராஜம்மாள் அழுத முகத்தோடு வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள்.

"நீலா," என்றாள் கரகரப்பாக, "காதுக்கு மேல ஏத்திடாத. ஆஸ்பத்திரியில பாக்கறவங்க சிரிப்பாங்க."