மாமியார் மேட்டில் இரண்டே கோடு

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு முழங்கால்களின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். இந்த வயதில் அவற்றைவிட மதிப்பான சொத்து என்னிடம் இல்லை. நான் பொய் சொன்னால் நாளைக் காலை கட்டிலிலிருந்து எழ முடியாமல் போகட்டும். (இன்று காலை எழ முடியவில்லை. அது நேற்று எழுதிய கதைக்கு.)

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிளங்கெட் கிணறு என்கிற எங்கள் பாலைவன ஊரில் பெட்ரோல் பம்ப்பை ஒட்டிய சாப்பாட்டுக் கடையின் அடுப்பை நெடுங்காலமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் மேவிஸ் ஹாஸ்லாக் வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றி, இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பண்டத்தின் தலையில் தக்காளி சாஸைக் கவிழ்த்தபடி சொன்னாள்:

"பெருசு, நீ கதை எழுதுறியாமே. எவனெவனைப் பத்தியோ எழுதுற. என் வண்டியைப் பத்தி எழுதேன்."

"வண்டியில எழுத என்ன இருக்கு?"

"பின்னாடி நாலு சக்கரம் இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கு. நடுவுல ஒரு கதை இல்லாமயா போயிடும்?"

இதைவிட நல்ல இலக்கியக் கொள்கையை நான் கேட்டதில்லை. அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். (அன்று மதியம் பை சாப்பிட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

செந்நிற மணல்மேடுகளின் பின்னால் சூரியன் மெல்ல எழுந்தபோது, மேவிஸின் கண்களில் ஏதோ ஒரு—

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என் கண்ணுல மணல்தான்யா இருந்துச்சு," என்றாள். "ஏதோ ஒண்ணாம், ஏதோ ஒண்ணு."

அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாம் தொடக்கம்:

கனரகப் பிக்கப் வண்டிகளின் பின்அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் பொருத்தப்படுவதன் நோக்கம் யாதெனில், அதிகப் பாரத்தை—

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. படிக்கும் உங்களுக்கு என்ன வரும் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம். இதுதான் ஓடுகிறது, பிடித்துக்கொள்ளுங்கள்:

போன வருஷம் குதிரைப் பந்தயத்துக்கு மேவிஸ் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்தது வெந்நீர்.

காரணம் மாமியார். எங்கள் ஊருக்கும், மேற்கே இருக்கிற மாட்டுப் பண்ணைகளுக்கும் பந்தய மைதானத்துக்கும் நடுவில் நிற்கும் பெரிய மணல்மேட்டுக்கு அதுதான் பெயர். எவ்வளவு பணிவாகப் போனாலும் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பண்ணைகளுக்குத் தபால், காய்கறி, கேஸ் சிலிண்டர், குழந்தைகளின் பிறந்தநாள் கேக் எல்லாம் வாரம்தோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேவிஸ். அதுதான் அவள் பிழைப்பு. போன வருஷம் அரை நாள் மாமியாரின் மடியில் புதைந்து கிடந்தாள். பந்தய மைதானமே அன்று வெதுவெதுப்பான பீர் குடித்தது. எங்கள் பக்கத்தில் கொலையைக்கூட மறப்பார்கள், இதை மறக்கமாட்டார்கள்.

பந்தயக் கமிட்டித் தலைவி டெல்மா குரோகன், பெரிய பண்ணைக்காரி. அவள் என் கடைக்கே வந்து, என் கண்ணெதிரே மேவிஸிடம் சொன்னாள்:

"இந்த வருஷமும் தண்ணியா வந்துச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து தபாலு, சாமான் எல்லாத்தையும் ஹெலிகாப்டர்காரன்கிட்ட குடுத்துருவோம். மனசுல வச்சுக்கம்மா."

"அவன் கேக்கை மேலேர்ந்து போடுவான்."

"போடட்டும். ஐஸைக் கட்டியா போடுவான்ல."

மேவிஸ் அன்று பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். என் பையை யாரும் பாதியில் வைப்பதில்லை. முதல் வாயிலேயே வைத்துவிடுவார்கள். அதனால்தான் விஷயம் தீவிரம் என்று புரிந்துகொண்டேன்.

3

இங்கே பட்டறைக்காரர் நெவில் ட்ரெம்பாத் வரவேண்டும். அவரை வைத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தயக்கம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மடக்கு தேநீர் குடிக்கிற ஆள். விறுவிறுப்பான கதைக்கு இப்படி ஒருவர் ஆகாது. அவரை நீக்கிவிட்டு ஒரு சுறுசுறுப்பான இளைஞனைப் போட்டுப் பார்த்தேன். அவன் மேவிஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வரியிலேயே ஓடிவிட்டான். ஆகவே நெவில்.

"நெவில், எனக்குப் பின்னாடி பக்கத்துக்கு ஒத்தைச் சக்கரம் போதும்."

நெவில் தேநீர் குடித்தார். "ரப்பர்... அதிகமா இருந்தா... நல்லது."

இது அவர் கருத்து மட்டுமல்ல, எங்கள் ஊரின் மதம். ஒருவனுக்கு எவ்வளவு மரியாதை தருவது என்பதை அவன் வண்டியின் சக்கரங்களை எண்ணித்தான் முடிவு செய்வோம். இருக்கிற சக்கரத்தைக் கழற்றச் சொல்வது, போட்டிருக்கிற பேண்டைக் கழற்றச் சொல்வதற்குச் சமம்.

"நல்லா கேளு," என்றாள் மேவிஸ். "முன்சக்கரம் மணலை அமுக்கிப் பாதை போட்டுக் குடுக்குது. பின்னாடி வர்ற ஜோடி அந்தப் பாதையில கால் வைக்க மாட்டேங்குது. ஒண்ணு உள்ள போகுது, ஒண்ணு வெளிய போகுது. ஆளுக்கொரு பக்கமா புது மணலை உழுவுது. நான் வண்டி ஓட்டுறேனா, ஏர் ஓட்டுறேனா?"

நெவில் நெடுநேரம் யோசித்துவிட்டு வெளிச்சக்கரத்தைக் கழற்றினார்.

இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு கல் சிக்கியிருந்தது. இரட்டைச் சக்கரத்தில் கல் சிக்குவது சகஜம். நெவில் கடப்பாரையை எடுத்து அதை நெம்பினார். கல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

மொட்டைவால் பல்லி. நன்றாகக் கொழுத்தது. எத்தனை காலமாக அங்கே இருந்து சுற்றிக்கொண்டிருந்ததோ, கீழே விட்டதும் நேராக நடக்கத் தெரியவில்லை. வட்டமடித்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். கிண்ணத்தையும் சுற்றி வந்துதான் குடித்தது. (நம்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பல்லி வருத்தப்படாது. எனக்குத்தான் முழங்கால் இருக்கிறது.)

"முடிஞ்சுது," என்றார் நெவில். "ஒத்தைச் சக்கரம்."

இங்கேதான் அந்தத் தவறு. சக்கரத்தை எண்ணியே பழகிய ஊர்க்காரரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நாலு வேண்டாம், ரெண்டு போதும் என்றால், ரெண்டைக் கழற்றினால் கணக்கு சரி என்று நினைத்துவிட்டார். மேவிஸ் உற்சாகமாக ஓட்டிக்கொண்டு போனாள், நானும் ஏறிக்கொண்டேன். மாமியார் எங்களை அடிவாரத்திலேயே உட்காரவைத்துவிட்டது.

மேவிஸ் இறங்கி, பின்னால் நடந்து, தரையைப் பார்த்தாள். மணலில் நாலு கோடு. வெளியே முன்சக்கரங்களின் அகலமான இரண்டு கோடு. உள்ளே பின்சக்கரங்களின் ஒடுக்கமான இரண்டு கோடு.

பட்டறைக்குத் திரும்பியதும் நெவிலின் தேநீர்க் கோப்பையைப் பிடுங்கித் தள்ளிவைத்தாள். எங்கள் ஊரில் இது கைநீட்டி அடிப்பதற்கு அடுத்தபடி.

"ஒத்தைச் சக்கரம்னா ஒண்ணைக் கழட்டி வீசுறது இல்லய்யா. முன்சக்கரம் மிதிச்ச எடத்துலயே பின்சக்கரம் மிதிக்கணும். மணல்ல ரெண்டே கோடு இருக்கணும். ரெண்டே."

நெவில் காலிக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, தேநீர் இல்லாமல் ஒரு முழு வாக்கியம் பேசினார்:

"அப்ப ரிம்மையே மாத்தணும், வெளிப்பக்கமா தள்ளி நிக்குற மாதிரி அகலமான ரிம்மு, ரெண்டு டயரு பாரத்தை ஒத்தையா தாங்குற டயரு, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

நாங்கள் இருவரும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

4

பந்தய நாள். வண்டியின் பின்னால் ஐஸ், அதன்மேல் ஈரச் சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி, அதன்மேல் மேவிஸின் சாபம். (எறும்பு தொட்டால்கூட எறும்புக்கு ஆகாது என்றாள்.) நான் பக்கத்து சீட்டில். புதுச் சக்கரம் ஒவ்வொன்றும் என் இடுப்புயரம்.

அடிவாரத்தில் நிறுத்தி டயர்களில் காற்றைப் பாதி இறக்கினோம். முன்னால் நீளக் கம்பத்தில் கொடி கட்டினோம். உச்சிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு முதலில் கொடி தெரியும், அப்புறம்தான் வண்டி. அதற்கும் முன்னால் ரேடியோவில் சொல்லவேண்டும். சொல்லாமல் மாமியார்மீது ஏறுகிறவனோடு எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து குடிப்பதில்லை.

மேவிஸ் மைக்கை எடுத்தாள். "மேவிஸ் பேசுறேன். மாமியார் மேல ஏறுறேன், கெழக்கேர்ந்து. எவனாவது எதுக்க வந்தா இப்பவே வாயைத் தொறங்க."

மைதானத்திலிருந்து ஒரு குரல்: "மேவிஸ், ஐஸா? டீ போட வெந்நியா?"

பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது.

"உன் வாயில போட ஒரு கட்டி தனியா வச்சிருக்கேன்," என்று மைக்கைத் தொங்கவிட்டாள். "புடிச்சுக்க பெருசு."

ஏறினோம்.

ஐயா, நான் என்னத்தைச் சொல்ல. வண்டி மணலை உழவில்லை, மணல்மேல் நடந்தது. பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். இரண்டே கோடு. மாமியாரின் நெற்றியில் யாரோ நிதானமாக நாமம் போட்டுவிட்டதுபோல இரண்டே கோடு. போன வருஷம் புதைந்த இடத்தைத் தாண்டினோம். மேவிஸ் அதற்குக் கையசைத்தாள். எஞ்சின் பாடியது. நானும் ஏதோ பாடினேன் என்று மேவிஸ் சொல்கிறாள். அதை எழுத எனக்கு விருப்பமில்லை. உச்சிக்கு இன்னும் ஒரே மூச்சு. வானம் மட்டும்தான் தெரிகிறது. அப்போது அந்த வானத்தில், உச்சிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சிவப்புக் கொடி முளைத்தது.

எதிரே வண்டி.

ரேடியோவில் சொல்லாமல் வருவது யார்? டெல்மா குரோகன். ஐஸ் எந்த நிலையில் வருகிறது என்று திடீரென்று வந்து பார்க்க. கமிட்டித் தலைவி, யாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்?

ஏற்றத்தில் நின்றால் புதைவோம். நிற்காவிட்டால்—

5

இங்கே நிறுத்துகிறேன். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. பேசிக்கொண்டிருந்தால் ஐஸ் உருகும் என்பதால் சுருக்கமாக.

முடிவு அ: மேவிஸ் பிரேக்கை மிதிக்கிறாள். வண்டி வயிறு வரை புதைகிறது. வெந்நீர். ஹெலிகாப்டர்.

(மேவிஸ்: "இதைப் போட்டேன்னு வை, உன் பையை நான் சாப்பிடுறதை நிறுத்திருவேன். அப்புறம் ஊருல யாரு சாப்பிடுவா?")

முடிவு ஆ: மேவிஸ் ஸ்டியரிங்கை ஒடிக்கிறாள். வண்டி டெல்மாவை உரசாமல் உச்சியிலிருந்து பறந்து, நேராகப் பந்தயப் பாதையில் இறங்கி, குதிரைகளோடு சேர்ந்து ஓடி, இரண்டாவதாக வருகிறது.

நெவிலிடம் வாசித்தேன். தேநீர் குடித்தார். "ரெண்டாவதா?"

"முதல்னு போட்டா நம்ப மாட்டாங்க நெவில்."

அவர் தலையாட்டினார். ஆனாலும் டெல்மா சொல்லிவிட்டுப் போன அந்த மிரட்டலுக்கு இதில் பதில் இல்லை.

முடிவு இ: மேவிஸ் ரிவர்ஸ் போடுகிறாள். ஏறி வந்த அதே இரண்டு கோட்டில், ஒரு விரல் விலகாமல், அடிவாரம் வரை பின்னாலேயே இறங்குகிறாள். டெல்மாவும் அதே கோட்டில் இறங்கி, அதை இன்னும் கெட்டியாக்கிக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்குகிறாள்.

"ஐஸ் இருக்கா?"

"நீங்க வழியை விட்டா இருக்கும்."

"கொஞ்சம் காட்டு, பாத்துக்கறேன்."

"காட்டுறேன். மொதல்ல இந்த மைக்கைப் பிடிங்க. சொல்லாம மாமியார் மேல வந்தது யாருன்னு மைதானமே கேட்டுக்கிட்டு இருக்கு. நீங்களே சொல்லிடுங்க."

டெல்மா மைக்கைப் பார்த்தாள். மணலில் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

மேவிஸ் மறுபடி கியரைப் போட்டாள். இப்போது அந்தக் கோடு தார்ச்சாலை மாதிரி இருந்தது. வண்டி ஏறுகிறது, ஏறுகிறது, மூக்கு வானத்துக்குப் போகிறது, என் முதுகு சீட்டில் ஒட்டுகிறது, பின்னால் சாக்குக்கு அடியில் ஏதோ சொட்டுகிற சத்தம், அது வியர்வையா தண்ணீரா என்று—

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உச்சிக்கு அந்தப் பக்கம் இருப்பது கட்டியா, வெந்நீரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மேவிஸின் பிழைப்பு உங்கள் கையில். சீக்கிரம், வெயில் ஏறுகிறது.

6

இதையெல்லாம் சந்தேகிக்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு என்னிடம் சாட்சி உண்டு. மேவிஸின் வண்டி இப்போதும் நெவிலின் பட்டறை வாசலில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய்க் குனிந்து பார்க்கலாம். பின்னால் பக்கத்துக்கு ஒன்று; அகலமான, இடுப்புயரச் சக்கரம், முன்சக்கரத்தின் கோட்டிலேயே துல்லியமாக நிற்கும். கதையில் சொன்னபடியே.

கம்பெனியிலிருந்து அந்த வண்டி வந்து இறங்கிய அன்றும் பின்அச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம்தான்.